மூன்று சட்டை, எத்தனை பிரிவு?

வாசகர் ஒருவர் கிளப்பிய கேள்வி: "ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர்களில் வரும் ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்கப்பல் படைக்கு மூன்றே பிரிவுகள்: கட்டளை, செயற்பாடு, அறிவியல். மருத்துவரை அறிவியலோடு சேர்த்தது அபத்தம். என்ஜினைப் பழுது பார்ப்பவரையும் துப்பாக்கி ஏந்திய காவலரையும் ஒரே சட்டைக்குள் அடைத்தது அதைவிட அபத்தம். போர்வீரர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஏன் வைக்கவில்லை?"

ஜனவரி 9

முதல் வாக்கியத்திலேயே சறுக்கிவிட்டீர்கள். மூன்று என்பது சட்டை நிறத்தின் கணக்கு. பிரிவுக் கணக்கு எடுத்தால் மருத்துவத் துறை, உளவுத் துறை, பொறியாளர் படை, சட்டத் துறை, சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அகாடமி என்று பட்டியல் நீளும். தரையில் தனித்தனியாக நிற்கும் இவர்கள் கப்பலில் ஏறியதும் மூன்று நிறங்களுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள்.

1966இல் தொடங்கிய முதல் தொடரில் கட்டளைப் பிரிவில் கேப்டன் கிர்க்கும் சுலுவும் தங்க நிறம், அறிவியலில் ஸ்பாக்கும் மருத்துவர் மெக்காயும் நீலம், செயற்பாட்டில் பொறியாளர் ஸ்காட்டியும் தகவல்தொடர்பு பார்க்கும் உஹுராவும் சிவப்பு. 1987இல் வந்த அடுத்த தலைமுறைத் தொடரில் தங்கமும் சிவப்பும் இடம் மாறிக்கொண்டன. கேப்டன் பிகார்ட் சிவப்பு, செயற்பாட்டுக்காரர்களான டேட்டாவும் வார்ஃபும் தங்கம். நீலம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவுதான் அடிப்படை. மீதியை மெதுவாகப் பேசுவோம்.

ஜனவரி 9, இரவு

மேலே வார்ஃப் தங்கம் என்று எழுதியது அரைகுறை. முதல் பருவத்தில் அவன் சிவப்புதான் அணிந்திருந்தான். பாதுகாப்புத் தலைவி டாஷா யார் இறந்த பிறகு அவளுடைய வேலையை ஏற்றான், தங்கத்துக்கு மாறினான். ஜியார்டியும் அப்படியே. முதல் பருவத்தில் சுக்கான் பிடித்தபோது சிவப்பு, இரண்டாம் பருவத்தில் தலைமைப் பொறியாளரானதும் தங்கம். வார்ஃப் பின்னால் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு தொடரின் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டான்.

திருத்தம் போட உட்கார்ந்தவனுக்கு ஒரு வாதமே கிடைத்துவிட்டது. கடற்படைகளில் ஒருவன் சேர்ந்த பிரிவு பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அவனோடு வரும். இங்கே சட்டை வேலையோடு மாறுகிறது. இன்றைக்கு என்ன பொறுப்பு என்பதைத்தான் நிறம் சொல்கிறது. அவன் என்ன படித்தான், எதற்காகப் படையில் சேர்ந்தான் என்பதையெல்லாம் சொல்வதில்லை.

ஜனவரி 11

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் முதல் தொடரைப் பார்த்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில். எனக்கு எல்லோருமே சாம்பல் சட்டைக்காரர்கள். கிர்க்கின் சாம்பலுக்கும் ஸ்காட்டியின் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்ததெல்லாம் மணிக்கட்டுக்கு அருகில் ஓடிய சரிகைதான். கேப்டனுக்கு இரண்டு முழுச் சரிகை, நடுவில் விட்டுவிட்டு ஓடும் ஒன்று. ஸ்பாக்குக்கு இரண்டு முழுச் சரிகை. மெக்காய்க்கும் ஸ்காட்டிக்கும் ஒன்று முழுசு, ஒன்று விட்டுவிட்டு. உஹுராவுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே இந்தப் படையில் மேல் கீழ் உண்டு, பக்கவாட்டில் எதுவும் இல்லை என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

இதன் விளைவு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வண்ணம் பூசாத ஈயப் பொம்மைகள் ஆறு கிடைத்தன, விரல் நீளம்கூட இல்லை. பார்த்து எழுத வண்ணப் படம் இல்லை. தலைவன் என்றால் சிவப்பாகத்தான் இருப்பான் என்று கிர்க்குக்குச் சிவப்பைப் பூசினேன். ஸ்காட்டிக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. குப்பியில் மிச்சமிருந்த மஞ்சளைப் பூசினேன். ஸ்பாக்கின் நீலம் மட்டும் குருட்டாம்போக்கில் சரியாக விழுந்தது. வண்ணத்தில் தொடரைப் பார்த்த அன்று அந்தப் பொம்மைகளை எடுத்து ஒளித்துவைத்தேன்.

பிறகு 1987 தொடர் வந்தது. கேப்டன் சிவப்பு, பொறியாளர் மஞ்சள். இருபது வருடம் முந்திக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 12

"கிர்க்கின் சட்டை தங்கமே இல்லை, பச்சை" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். உண்மை. உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தைஸ் தைத்தது இளம்பச்சை வெல்வெட் மாதிரியான துணி. படப்பிடிப்பு விளக்கின் கீழ் அது படச்சுருளில் தங்கமாக விழுந்தது. அதே பிரிவுக்கு வேறு துணியில் தைத்த விழாச் சட்டையும், குறுக்கே மடித்துக் கட்டும் சட்டையும் பச்சையாகவே தெரிகின்றன. கவனித்துப் பாருங்கள், சில அத்தியாயங்களில் கிர்க் திடீரென்று பச்சையில் நடமாடுவார். அது தனிப் பிரிவோ என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. விளக்குக்கும் துணிக்கும் நடந்த தகராறு, அவ்வளவே.

ஆனால் கதைக்குள் அது தங்கம் என்றே நிலைத்துவிட்டது. 1996இல் டீப் ஸ்பேஸ் நைன் குழு கிர்க்கின் கப்பலான பழைய என்டர்பிரைஸுக்குக் காலம் தாண்டிப் போகும் அத்தியாயத்தில், அந்தக் காலத்தில் செயற்பாட்டுக்காரர்கள் சிவப்பு அணிந்தார்கள், கட்டளைக்காரர்கள் தங்கம் அணிந்தார்கள் என்று வசனமாகவே வருகிறது. தையற்காரரின் சாட்சியைக் கதை தள்ளுபடி செய்துவிட்டது.

ஜனவரி 15

மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் முதலில் அவரைக் கிண்டல் செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன், பாதியில் மனம் மாறிவிட்டது.

முதல் தொடரில் நெஞ்சில் இருக்கும் அம்புமுனைச் சின்னத்தைப் பாருங்கள். உள்ளே நட்சத்திரம் இருந்தால் கட்டளை. சுருள் மாதிரி ஒன்று இருந்தால் செயற்பாடு. வட்டமும் நீள்வட்டமும் சேர்ந்திருந்தால் அறிவியல். மெக்காய் அறிவியல் சின்னம்தான் அணிந்திருக்கிறார். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் செவிலியர் சாப்பெலின் சின்னத்தில் சிவப்புச் சிலுவை. ஒரே அறை, ஒரே நீலம். மருத்துவர் விஞ்ஞானி, செவிலியர் மட்டும் மருத்துவத் துறை! சின்னம் தைத்தவர்களே இரண்டு மனதாக இருந்திருக்கிறார்கள்.

1979இல் வந்த முதல் திரைப்படத்தில் சட்டைகள் வெளிறிவிட்டன, பிரிவு நிறம் சின்னத்தின் பின்னணி வட்டத்துக்குப் போய்விட்டது. அதில் மூன்றோடு நிற்கவில்லை. கிர்க்குக்கு வெள்ளை, ஸ்பாக்குக்கு ஆரஞ்சு, ஸ்காட்டிக்குச் சிவப்பு, மெக்காய்க்குப் பச்சை. 1982இல் இரண்டாவது படத்தில் எல்லோருக்கும் கருஞ்சிவப்பு மேலங்கி வந்தது, பிரிவு நிறம் உள்ளே தெரியும் கழுத்துப் பகுதிக்கு ஒதுங்கியது. அங்கும் கட்டளைக்கு வெள்ளை, அறிவியலுக்குச் சாம்பல், பொறியியலுக்குத் தங்கம், மருத்துவத்துக்கு வெளிர்பச்சை, பயிற்சி மாணவர்களுக்குச் சிவப்பு. இரண்டு படங்களிலும் மருத்துவம் அறிவியலிலிருந்து பிரிந்தே இருக்கிறது.

ஆக, உங்கள் யோசனை ஏற்கெனவே செயல்படுத்தப்பட்டு, பிறகு 1987இல் கைவிடப்பட்டது. ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு என் ஊகம் எளிமையானது. திரையரங்கில் கழுத்துப்பட்டி தெரியும். வீட்டில் சின்னப் பெட்டியில், ஓடும் காட்சியில், யார் யார் என்று ஒரு நொடியில் சொல்ல முழுச் சட்டை வேண்டும், அதுவும் மூன்றுக்கு மேல் போனால் கண் குழம்பும்.

ஜனவரி 16

"அப்படியானால் பிரிவு என்பதே ஒளிப்பதிவாளரின் வசதி" என்கிறீர்கள். வசதிக்காக வந்ததுதான். வந்ததை வைத்து மற்றவர்கள் அறுபது வருடம் குடித்தனம் நடத்திவிட்டார்களே.

ஜனவரி 20

சிவப்புச் சட்டை மரணம் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சிவப்பு அணிந்தால் சாவு நிச்சயம் என்பது நகைச்சுவையாகச் சரி, கணக்காக ஐயத்துக்குரியது. கிர்க்கின் கப்பலில் 430 பேர். சிவப்பில் பொறியியல், பாதுகாப்பு, தகவல்தொடர்பு எல்லாம் அடக்கம். கட்டளைப் பிரிவோ சிறு கூட்டம். பெரிய கூட்டத்தில் அதிகம் பேர் சாவதில் வியப்பில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால்தான் எந்தச் சட்டை ஆபத்தானது என்று தெரியும்.

அதற்காகச் சிவப்பு பத்திரமான நிறம் என்று சொல்ல வரவில்லை. 1967இல் வந்த "தி ஆப்பிள்" அத்தியாயத்தில் ஒரு கிரகத்தில் இறங்கிய நான்கு சிவப்புச் சட்டைக் காவலர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். செடி ஒருவரைக் கொல்கிறது, கல் ஒருவரைக் கொல்கிறது. தங்கமும் நீலமும் வீடு திரும்புகின்றன.

அதே ஆண்டு "தி சேஞ்ச்லிங்" இன்னும் சுவாரசியம். நோமாட் என்ற இயந்திரம் ஸ்காட்டியைக் கொன்றே விடுகிறது. பிறகு பழுது பார்ப்பதுபோல அவரை உயிரோடு எழுப்பிக் கொடுக்கிறது. அதே இயந்திரம் சாம்பலாக்கிய காவலர்களை எழுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஸ்காட்டியும் சிவப்புதான், காவலர்களும் சிவப்புதான். ஒரே பிரிவுக்குள் பெயர் உள்ளவன், பெயர் இல்லாதவன் என்று இரண்டு சாதி.

ஜனவரி 22

நிறம் எதற்கு என்று மறுபடி கேட்பவருக்கு: விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கப்பல்களில் மஞ்சள் உடுப்புக்காரர் விமானங்களை நகர்த்த வழிகாட்டுவார், ஊதா எரிபொருள் நிரப்பும், சிவப்பு வெடிபொருளையும் விபத்து மீட்பையும் கவனிக்கும், பச்சை கவண் பொறியைப் பார்த்துக்கொள்ளும். ஜெட் இரைச்சலில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, நிறத்தைப் பார்த்துக் கைகாட்டுவார்கள். 1961இல் படையில் சேர்ந்த, அணுசக்தியில் ஓடிய முதல் விமானந்தாங்கியின் பெயரும் என்டர்பிரைஸ்தான்.

அங்கே சட்டை சொல்வது அந்தத் தளத்தில் அந்த வேளையில் உன் வேலை என்ன என்பதை. ஸ்டார்ஃப்ளீட்டின் நிறமும் இந்த வகை. நான் 9ஆம் தேதி சொன்னது சரிதான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 27

தட்டிக்கொடுத்தது அவசரம். நேற்று அடுத்த தலைமுறைத் தொடரில் டிராய் வரும் அத்தியாயங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தேன். நிறத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றை இத்தனை நாள் விட்டுவிட்டோம்.

டியானா டிராய் மனநல ஆலோசகர். பல வருடம் சீருடையே அணியாமல் நடமாடியவர். 1991இல் "டிசாஸ்டர்" என்ற அத்தியாயத்தில் கப்பல் அடிபட்டு, தளங்கள் ஒன்றுக்கொன்று துண்டிக்கப்படுகின்றன. கட்டளை மேடையில் இருப்பவர்களில் பதவியில் மூத்தவர் இவர். உடனிருக்கும் ஓ'பிரையனும் ரோவும் என்ன செய்யட்டும் என்று இவரைப் பார்க்கிறார்கள். என்ஜின் அறைச் சொற்கள் பாதி இவருக்குப் புரியவில்லை. ரோவோ கப்பலைப் பிரித்துக்கொண்டு தப்பலாம் என்கிறாள், கீழே இருப்பவர்கள் போனால் போகட்டும் என்று பொருள். டிராய் மறுக்கிறார். அவர் சொன்னது சரியாகவும் போய்விடுகிறது.

உண்மைக் கடற்படையில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளின் சட்டைக்கையில் நட்சத்திரம் இருந்தால் அவர் பெரும்பாலும் போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்கும் வரிசையைச் சேர்ந்தவர். மருத்துவர், வழங்கல் அதிகாரி, பாதிரியார் போன்றோருக்கு நட்சத்திரம் கிடையாது, அவரவர் துறைச் சின்னம் உண்டு. எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் மருத்துவர் போர்க்கப்பலின் கேப்டன் ஆவதில்லை. பிரிட்டிஷ் கடற்படையிலும் ஒரு காலத்தில் பொறியாளரின் தங்கப் பட்டிகளுக்கு நடுவே ஊதாத் துணி, மருத்துவருக்குச் சிவப்புத் துணி. கப்பலை நடத்துபவன் யார், கப்பலில் வேலை செய்பவன் யார் என்று பிரித்துக் காட்டிய துணி அது.

ஸ்டார்ஃப்ளீட் இந்தச் சுவரை இடித்துவிட்டு ஒரு வாசலை வைத்திருக்கிறது. வாசலுக்குப் பெயர் தேர்வு. 1994இல் "தைன் ஓன் செல்ஃப்" அத்தியாயத்தில் டிராய் அந்தத் தேர்வை எழுதுகிறார். கப்பல் வெடிக்கப்போகிறது என்ற மாயச் சூழல். விதிமுறை எல்லாம் தெரிந்தும் மறுபடி மறுபடி தோற்கிறார். விடை பாடப்புத்தகத்தில் இல்லை. கதிர்வீச்சு நிறைந்த குழாய்க்குள் ஜியார்டியைப் போகச் சொல்ல வேண்டும், போனால் அவன் திரும்பமாட்டான். மாய உருவம்தான். ஆனாலும் தினமும் உடன் உண்டு பழகிய முகம். டிராய் அந்தக் கட்டளையைச் சொல்லும்போது குரல் ஏறவே இல்லை, கவனியுங்கள். ஜியார்டியும் ஒன்றும் பேசாமல் போகிறான்.

தேர்ச்சி பெற்றதும் அவருக்குக் கழுத்துப்பட்டியில் மூன்றாவது முழுப் பொட்டு, அதாவது பதவியைக் காட்டும் உலோகப் புள்ளி, ஏறுகிறது. சட்டை நீலமாகவே இருக்கிறது. ஆக, கப்பலை நடத்தும் தகுதி பொட்டுகளில் இருக்கிறது, சட்டையில் இல்லை. சிறுவயதில் சரிகையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நான் அவ்வளவு முட்டாள் இல்லை போலிருக்கிறது.

ஜனவரி 28

"மற்றப் பிரிவினர் கப்பலை நடத்துவது முதல் தொடரில் இல்லை" என்று ஒரு மறுப்பு. இருக்கிறது, நன்றாகவே. ஸ்பாக் நீலச் சட்டை அறிவியல் அதிகாரி, அவரே கப்பலின் இரண்டாம் தலைவர். கிர்க்கும் ஸ்பாக்கும் வெளியே போனால் நாற்காலியில் உட்காருவது சிவப்புச் சட்டை ஸ்காட்டி. 1967இல் "எ டேஸ்ட் ஆஃப் அர்மகெடான்" பாருங்கள். தூதர் ஒருவர் பாதுகாப்புத் திரையை இறக்கு என்கிறார். ஸ்காட்டி மறுக்கிறார். இறக்கியிருந்தால் கப்பலே போயிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தேர்வு என்ற சொல் அப்போது இல்லை. பின்னால் வந்த தொடரை முந்தியதன் மேல் போர்த்திப் படிக்கிறேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

பிப்ரவரி 2

கடைசியாக, தனிப் போர்ப்பிரிவு. இதுவும் ஏற்கெனவே வந்தாயிற்று. 2001இல் தொடங்கிய "என்டர்பிரைஸ்" தொடர் கிர்க்குக்கு நூறு ஆண்டு முந்திய கதை. 2003இல் அதன் மூன்றாம் பருவத்தில் மேக்கோ என்ற தரைப்படை வீரர்கள் கப்பலில் ஏறுகிறார்கள். அவர்கள் ஸ்டார்ஃப்ளீட் இல்லை, பூமியின் தனி ராணுவம். ஏறியதும் முதலில் புண்பட்டவர் கப்பலின் ஆயுத அதிகாரி ரீட். என் வேலையைப் பிடுங்க வந்தவர்கள் என்று முறைக்கிறார். மேஜர் ஹேய்ஸோடு பயிற்சி என்று ஆரம்பித்தது நிஜ அடிதடியாக முடிகிறது. இருவரும் முகம் வீங்கிக் கேப்டன் முன் நிற்கிறார்கள். தனிப் பிரிவு வைத்தால் குழப்பம் தீரும் என்றீர்களே, தீர்ந்த அழகு இதுதான்.

இதற்கு எதிரான சாட்சியும் என்னிடமே இருக்கிறது, மறைக்க மனம் வரவில்லை. 1998இல் டீப் ஸ்பேஸ் நைனில் "தி சீஜ் ஆஃப் ஏஆர்-558". எதிரியிடமிருந்து பிடித்த தகவல்தொடர்பு நிலையம் ஒன்றை, பாறைக்கு நடுவே, மாற்று ஆள் வராமல் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும் ஸ்டார்ஃப்ளீட் வீரர்கள். கறுப்பு உடுப்பு, அதில் பிரிவு நிறம் ஒரு கோடாக மட்டும். கண்களில் தூக்கம் இல்லை. இளம் அதிகாரி நாக் அங்கே ஒரு காலை இழக்கிறான். விண்கப்பல் ஓட்டப் படித்தவனைப் பதுங்குகுழியில் நிறுத்தியதன் விலை அது. தனிப் பிரிவு இருந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்குமா? வேறொருவனின் கால் போயிருக்கும். கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் உங்களை மடக்க என்னிடம் வாதம் இல்லை.

பிப்ரவரி 3

1991இல் வந்த ஆறாவது படத்தின் வீட்டுப் பதிப்பில் கர்னல் வெஸ்ட் என்று ஒருவர் வருகிறாரே, கடற்படைப் பதவிகள் உள்ள படையில் கர்னல் எப்படி என்று கேட்டவருக்கு: எனக்கும் அது உறுத்தல்தான். தனிப் போர்ப்பிரிவு ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று வாதிடுபவர்களுக்கு அவர் ஒருவரே மூலதனம்.

பதவி என்றதும் ஓ'பிரையன். அதிகாரி வரிசையில் சேராத படைவீரர் அவர். ஆனால் பல அத்தியாயங்களில் அவர் கழுத்தில் லெப்டினன்ட்டுக்குரிய இரண்டு பொட்டுகள்! 1990இல் ஒரு வசனத்தில் அவர் சீஃப் பெட்டி ஆபீசர் (அதிகாரி அல்லாதவர்களுக்குரிய பதவி) என்று வந்த பிறகும் பொட்டு உடனே இறங்கவில்லை. பொட்டுகளை நம்பு என்று நான் ஜனவரியில் உபதேசித்ததற்கு இவர் கொடுத்த அடி.

பிப்ரவரி 4

பிரிவு 31 பற்றி எழுதச் சொல்லாதீர்கள். 1998இல் முதன்முதலாகத் தலைகாட்டியபோது, அது ஸ்டார்ஃப்ளீட் சாசனத்தின் ஒரு உட்பிரிவின் பெயரை வைத்துக்கொண்டு உலவிய, யாரும் ஒப்புக்கொள்ளாத கூட்டம். அதுதான் அழகு. 2017இல் தொடங்கிய டிஸ்கவரி தொடரில் அதற்குக் கறுப்புச் சின்னமும் கப்பல்களும் கொடுத்துவிட்டார்கள். ரகசியப் பிரிவுக்குச் சின்னம் எதற்கு?

பிப்ரவரி 14

ஈயப் பொம்மைகளை ஒளித்த இடத்திலிருந்து எடுத்தேன். கிர்க்கின் சிவப்பை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். அடியில் வெறும் ஈயம், மணிக்கட்டில் நான் அந்த நாளில் தீக்குச்சி முனையால் வைத்த சரிகைக் கோடு மட்டும் தேயாமல் இருந்தது. அதன் மேல் இளம்பச்சை பூசினேன், தைஸின் துணி என்னவோ அதுவே இருக்கட்டும் என்று. மஞ்சள் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். தங்கமாகத் தெரியவில்லை, பச்சையாகத்தான் தெரிகிறது.

அடுத்து ஸ்காட்டியின் மஞ்சளைச் சுரண்டக் கத்தியை எடுத்தேன். அப்போதுதான் ஜனவரி 15இல் நானே எழுதியது நினைவுக்கு வந்தது. 1982 படத்தில் பொறியியலுக்குத் தங்கம். சட்டை முழுக்க இல்லை, கழுத்தில் மட்டும்தான். ஆகவே கழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் சுரண்டியிருக்கிறேன். கருஞ்சிவப்புக் குப்பி காய்ந்து கிடக்கிறது, புதிது வாங்க வேண்டும்.